கடைக் கணக்குக்கு பேக்கப் எடுக்கும் முறை

கணக்கு எழுதும் கம்ப்யூட்டரின் பின்புறத்தில் மாதக்கணக்காகச் செருகியபடியே கிடக்கும் பென் டிரைவைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். கேட்டால், ‘அதில்தான் சார் தினமும் பேக்கப் எடுக்கிறோம்’ என்பார்கள். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை போன்ற வைரஸ், கம்ப்யூட்டருடன் இணைந்திருக்கும் டிரைவ்களில் உள்ள கோப்புகளையும் சேர்த்தே பூட்டிவிடும் என்பதால், செருகியே இருக்கும் பென் டிரைவை நான் பேக்கப் என்று கணக்கில் கொள்வதில்லை.

டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு வைத்திருப்பவர்கள், அன்றைய பில்கள் முடிந்து மற்றவர்கள் வெளியேறிய பிறகு, ஆல்ட் விசையுடன் ஒய் விசையை அழுத்தி, பேக்கப் என்பதைத் தேர்ந்து, நிறுவனத்தின் பெயரையும் சேமிக்க வேண்டிய ஃபோல்டரையும் காட்ட வேண்டும். அந்த ஃபோல்டருக்கு அன்றைய தேதியையே பெயராக வையுங்கள். நேற்றைய பேக்கப்பின் மீதே இன்றையதையும் எழுதினால், பத்து நாளுக்கு முன் நேர்ந்த பிழை இன்று தெரியவரும்போது திரும்பிப் போக இடமிருக்காது. ஆகவே கடைசி ஏழு நாள்களுக்கும், ஒவ்வொரு மாதக் கடைசிக்கும், மார்ச் 31-க்கும் தனித்தனிப் பிரதி இருக்கட்டும். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இது எட்டு நிதியாண்டுகள். கணினியில் கணக்கு வைத்திருந்தால், 2022 ஆகஸ்ட் முதல், இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் பேக்கப் இருக்க வேண்டும் என்ற விதியும் அவர்களுக்கு உண்டு.

வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றிப் பயன்படுத்துங்கள். எழுதி முடித்ததும் கழற்றிவிட வேண்டும். அந்த வாரம் பயன்படாத டிஸ்க் முதலாளி வீட்டில் இருக்கட்டும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்ததைப் போல ஒரு நாள் வந்தால், மேசை மேல் இருக்கும் கம்ப்யூட்டரோடு மேசை டிராயரில் இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்தே நனையும். கடையை விட்டு வெளியே போகும் டிஸ்க்கை, விண்டோஸில் உள்ள பிட்லாக்கர் என்ற பூட்டு வசதி கொண்டு பூட்டி, அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி பீரோவில் வைப்பது அவசியம்.

கூகுள் டிரைவைப் பயன்படுத்துவோர், டாலியின் டேட்டா ஃபோல்டரையே அதனுடன் இணைத்துவிடக் கூடாது. இங்கே அழிந்தது அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் 30 நாள்கள்தான் இருக்கும். பேக்கப் கோப்பை மட்டும் தனியே ஏற்றுங்கள்.

பலரும் விட்டுவிடும் வேலை, எடுத்த பேக்கப்பைத் திறந்து பார்ப்பது. மாதம் ஒருமுறை, வேறொரு கம்ப்யூட்டரிலோ புதிய ஃபோல்டரிலோ ரீஸ்டோர் செய்யுங்கள், அதாவது பேக்கப்பிலிருந்து கணக்கை மீட்டெடுங்கள். நடப்புக் கணக்கு இருக்கும் ஃபோல்டரையே காட்டினால் பழைய பதிவுகள் புதியவற்றின் மேல் ஏறிவிடும் என்பதால், இந்த இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். பேக்கப் எடுத்த இரவின் கடைசி பில் எண்ணையும் ரொக்க இருப்பையும் நோட்டில் குறித்து வைத்திருந்தால், ரீஸ்டோர் ஆன கணக்கில் அந்த இரண்டும் அப்படியே இருக்கின்றனவா என்று ஐந்து நிமிடத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.