சொந்த டைப்புக்கு + எழுதறப்போ வழக்கமா மாட்டிக்கற இடங்கள்

ஹாஸ்கெல்ங்கற புரோகிராமிங் மொழியைப் புதுசா கத்துக்கறவங்க கோடைப் பாக்கறப்போ எல்லாம், நம்ம ஆளுங்க ஒரு காலத்துல அடிச்ச அதே கூத்துதான் திரும்பத் திரும்ப வருது. டைப் பொருந்தல, பிராக்கெட் விட்டுப்போச்சு மாதிரி சமாசாரத்தை கம்பைலரே திட்டித் திருத்திடும், அதை விடுங்க. கம்பைலர் வாயே திறக்காம உள்ள விட்டுடற தப்புங்க வேற.

+ வேணும்னு ‘நம்’ (Num) இன்ஸ்டன்ஸ் எழுதறது

இதைப் பாத்தாலே எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது. பணத்துக்கு ஒரு டைப், உள்ள தொகையும் கரன்சியும். ரெண்டு பணத்தைக் கூட்ட + போட்டா எரர், உடனே ‘நம்’ டைப்கிளாஸுக்கு, அதாவது எண் மாதிரி நடந்துக்கற டைப்புங்களுக்கு ஹாஸ்கெல் வெச்சிருக்கற ஃபங்ஷன் பட்டியலுக்கு, ஒரு இன்ஸ்டன்ஸ் எழுதிடறாங்க, அதாவது அந்த ஃபங்ஷன்களை நம்ம டைப்புக்கு எழுதிக் குடுத்துடறாங்க. அது கூட்டலை மட்டும் தராதுங்க, பெருக்கல், ஆப்ஸ் (குறி நீக்கின மதிப்பு), சிக்னம் (பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு சொல்றது), ஃப்ரம்இன்டிஜர் (முழு எண்ணை நம்ம டைப்பா மாத்தறது)னு எல்லாத்தையும் சேத்து தலையில கட்டிடும். நூறு ரூபாயை அம்பது ரூபாயால பெருக்கினா என்ன வரும்? ஒண்ணும் வராது, அதனால அங்க ஒரு எரர் போட்டு ஒப்பேத்துவாங்க. அது கூட பரவால்ல, ரன் ஆகும்போது வெடிச்சாவது தெரிஞ்சிடும். நிஜமான விஷம் ஃப்ரம்இன்டிஜர்லதான். கோடுல வெறுமனே 5னு எழுதினா ஹாஸ்கெல் அதை ஃப்ரம்இன்டிஜர் வழியாதான் மாத்தும், அதனால ‘விலை + 5’ ஜம்முனு கம்பைல் ஆகும். அந்த 5 ரூபாயா டாலரா?

ஒரு இன்வாய்ஸ் கோடுல இதை நேர்ல பாத்தேன். ஃப்ரம்இன்டிஜர் எதைக் குடுத்தாலும் ரூபாயாக்கும், + வந்து கரன்சி வேற வேறயா இருந்தா இடது பக்கத்து கரன்சியை வெச்சுக்கும். தனித்தனியா பாத்தா ரெண்டும் ஏதோ சமாளிப்பு மாதிரிதான் தெரியும். ஆனா பட்டியல்ல இருக்கறதை எல்லாம் கூட்டற சம் ஃபங்ஷன் 0ல இருந்துதான் கூட்ட ஆரம்பிக்கும், அந்த 0வும் ஃப்ரம்இன்டிஜர் வழியா ரூபாயாதான் வரும். 0 ரூபாயோட 40 டாலர் சேந்தா 40 ரூபாய், அதோட 60 டாலர் சேந்தா 100 ரூபாய். நூறு டாலர் பில்லு நூறு ரூபாயா பிரிண்ட் ஆகுது! டெஸ்ட் எல்லாம் ரூபாயிலயே எழுதி வெச்சிருந்தாங்க, அத்தனையும் பச்சை. தேடினவங்க ரவுண்டிங் பிரச்சினைன்னு நெனச்சு டெசிமல் லைப்ரரியை நோண்டிட்டு இருந்தாங்க, இன்ஸ்டன்ஸ் பக்கம் யாருமே போகல.

இதுக்கு வழி, கரன்சியை டைப் பராமீட்டரா, அதாவது டைப்போட பேர்லயே ஒரு பகுதியா வெச்சிடுங்க. ரூபாய்ப் பணமும் டாலர்ப் பணமும் ரெண்டு வேற டைப்பாயிடும், கலந்தா கம்பைலே ஆகாது. கூட்டறதுக்கு செமிகுரூப்போட (ரெண்டை ஒண்ணா சேக்கறதை மட்டும் கேக்கற டைப்கிளாஸ்) <> போதும், பூஜ்யம் வேணும்னா மோனாய்டு (செமிகுரூப்போட பூஜ்யமும் சேந்தது), இப்ப பூஜ்யத்துக்கும் கரன்சி டைப்லயே இருக்கு. ரெண்டு மடங்கு, பத்து மடங்கு ஆக்கறதுக்கு ஒரு எண்ணையும் ஒரு பணத்தையும் வாங்கற தனி ஃபங்ஷன் எழுதிக்கங்க. வெக்டருக்கு + எழுதறதும் இதே கதைதான்: வெக்டர்-ஸ்பேஸ் பேக்கேஜ்ல கூட்டலுக்கு ^+^, ஸ்கேலர் பெருக்கலுக்கு (வெக்டரை ஒரு எண்ணால பெருக்கறதுக்கு) *^னு தனித்தனியா வெச்சிருக்கறது சும்மா அலங்காரத்துக்கு இல்ல.

முன்னுரிமை சொல்லாம விடறது

சரி ‘நம்’ வேணாம்னு |+|, |*|னு சொந்தமா ஆபரேட்டர் எழுதறாங்க, நல்லது, ஆனா எந்த ஆபரேட்டர் முதல்ல நடக்கணும்னு சொல்ற இன்ஃபிக்ஸ்எல் வரியை மறந்துடறாங்க. வழக்கமான +க்கு முன்னுரிமை 6, *க்கு 7, எண் பெரிசா இருந்தா அது முதல்ல. நீங்க ஒண்ணுமே சொல்லலன்னா ஹாஸ்கெல் 9 குடுத்து இடமிருந்து வலமா போகும். 2 |+| 3 |*| 4ன்னு போட்டா 14க்கு பதிலா 20 வரும். எரரும் இல்ல, வார்னிங்கும் இல்ல.

நெகேட், மைனஸ்

‘நம்’ இன்ஸ்டன்ஸ் எழுதியே ஆகணும்னா, குறியை மாத்தற நெகேட், கழிக்கற மைனஸ், இதுல ஒண்ணாவது எழுதுங்க. ரெண்டையும் விட்டா டீஃபால்ட்ல ஒண்ணு இன்னொண்ணைக் கூப்பிட்டு முடிவில்லாம சுத்தும். இதுக்கு வார்னிங் வரும், படிக்கறதுக்குதான் ஆள் இல்ல.

ஓகேமல் (OCaml) மொழிக்காரங்களுக்கு

அங்க பெருக்கல் ஆபரேட்டரை அடைப்புக்குறிக்குள்ள எழுதறப்போ ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் விடுங்க, ( * ). இல்லன்னா கமென்ட் ஆரம்பிச்சிடும்.