மறுக்கப்பட்ட பென்ஷனில் இருந்து தொடங்குங்கள்: அயர்லாந்துப் புரட்சியின் பேர் தெரியாதவர்களைத் தேடும் வழி

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த அயர்லாந்துப் புரட்சி என்றால் பியர்ஸ், கானலி, காலின்ஸ் என்று நாலைந்து தலைவர்களோடு பேச்சு முடிந்துவிடும். மற்றவர்களைத் தேட டப்ளினுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. மார்கரெட் ஸ்கின்னிடர் என்ற ஆசிரியையை வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: அயர்லாந்து ராணுவ ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் 'மிலிட்டரி சர்வீஸ் பென்ஷன்ஸ்' (புரட்சியில் பங்கெடுத்தவர்கள் போட்ட பென்ஷன் மனுக்கள்) தொகுப்பைத் திறந்து பெயரைத் தட்டுங்கள். ஸ்கேன் செய்த கோப்பு இலவசமாகவே கிடைக்கும். 1916 ஈஸ்டர் கிளர்ச்சியில் மூன்று குண்டுகள் பாய்ந்தும் பிழைத்தவர் ஸ்கின்னிடர். 1925இல் காயத்துக்காகப் பென்ஷன் கேட்டார். சட்டம் சொல்லும் 'சிப்பாய்' ஆண்தான் என்று மறுத்துவிட்டார்கள்! 1938இல்தான் பென்ஷன் கிடைத்தது.

மறுக்கப்பட்ட கோப்புகளைத்தான் நான் முதலில் திறப்பேன். கேட்டதும் கிடைத்தவர் மேற்கொண்டு எழுத மாட்டார். கிடைக்காதவர் விடாமல் எழுதுவார், கூட நின்றவர்களைச் சாட்சிக்கு இழுப்பார். அந்தச் சாட்சிகளின் பெயர்களே அடுத்த தேடலுக்கு வழி. இன்னொன்று: 1924 பென்ஷன் சட்டம், பிரிட்டனோடு 1921இல் போட்ட ஒப்பந்தத்தை ஏற்ற அரசுப் படையினருக்கானது. அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து நின்றவர்களுக்கும், குமன் நா மான் என்ற புரட்சிப் பெண்கள் அமைப்பினருக்கும் 1934 சட்டம்தான் கதவைத் திறந்தது. தேடும் ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

கோப்புகளைப் பகுதி பகுதியாகத்தான் இணையத்தில் ஏற்றி வந்திருக்கிறார்கள். தேடிக் கிடைக்கவில்லை என்றால் கோப்பே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 2: அதே தளத்தில் ராணுவ வரலாற்றுப் பணியகம் 1947 முதல் 1957 வரை வாங்கிய 1,773 சாட்சி வாக்குமூலங்கள் இருக்கின்றன. 2003 வரை பூட்டி வைத்திருந்தார்கள். உங்கள் ஆள் வாக்குமூலம் தராவிட்டாலும், உடன் இருந்தவர்களின் வாக்குமூலங்களுக்குள் பெயரைத் தேடுங்கள். ஆனால் இவை முப்பது வருடம் கழித்துச் சொன்னவை, தேதிகளை அப்படியே நம்பாதீர்கள். பென்ஷன் மனுவிலும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்; காசு விஷயமாயிற்றே.

படி 3: குடும்பம், முகவரிக்கு 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள். அயர்லாந்து தேசிய ஆவணக்காப்பகத் தளத்தில் இலவசம். ஸ்கின்னிடர் ஸ்காட்லாந்தில் பிறந்து கிளாஸ்கோவில் பாடம் நடத்தியவர், அதனால் அவருக்கு ஸ்காட்லாந்துக் கணக்கெடுப்பைத்தான் பார்க்க வேண்டும். அங்கே பக்கத்தைத் திறக்கக் காசு கட்ட வேண்டும்.

பெயர் சிக்கவில்லையா? ஐரிஷ் வடிவத்தில் தட்டிப் பாருங்கள். ஜான் என்பவர் ஷான் ஆகியிருப்பார்.

அப்புறம், இறக்கும் ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் காப்பக எண்ணைச் சேர்த்துவிடுங்கள். அதைச் செய்யாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க பிடிஎஃப்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.