காத்திருந்த ஆட்டம் கைநழுவிப் போகும்போது குழந்தையிடம் நடந்துகொள்ளும் முறை

மூன்று வாரமாக நாள் எண்ணிக் காத்திருந்த கால்பந்து ஆட்டத்திற்குக் குழந்தையை அழைத்துச் செல்ல முடியாமல் போகும் நிலை எந்தப் பெற்றோருக்கும் வரலாம். எனக்கு வந்தது. சென்னை பெரியமேட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்சி அணியும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் மோதிய ஆட்டம் அது. ஒன்பது வயதான என் மகள் நுழைவுச்சீட்டின் அச்சுப் பிரதியை நான்காக மடித்து ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்வந்தாள். இரண்டு நாள் முன்பே நீல ஜெர்சிக்கு இஸ்திரி போடச் சொல்லித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். சோழிங்கநல்லூரில் அலுவலகத்தில் மாட்டிக்கொண்ட நான் அன்று வீடு சேர்ந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. அந்த மாலை நான் செய்த தவறுகளிலிருந்தும், பிறகு அவளிடமிருந்தே தெரிந்துகொண்டவற்றிலிருந்தும் இதை எழுதுகிறேன்.

தெரிந்தவுடன் சொல்லிவிடுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம் என்பதால் இதை முதலில் வைக்கிறேன். ஆட்டம் இரவு 7:30 மணிக்கு. என்னால் கிளம்ப முடியாது என்பது எனக்குப் பிற்பகல் 3 மணிக்கே பெரும்பாலும் தெரிந்துவிட்டது. ஆனாலும், வேலை எப்படியாவது முடிந்துவிடும், எதற்கு இப்போதே குழந்தையை அழவைக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மாலை 6:15 மணிக்குத்தான் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். அந்த மூன்று மணி நேரத்தில் அவள் பள்ளியிலிருந்து வந்து, ஜெர்சியைப் போட்டு, கன்னத்தில் நீல வண்ணம் தீட்டிக்கொண்டு, காலில் ஷூ மாட்டி, மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். எதிர் வீட்டு அக்காவிடமும் அடுக்ககக் காவலாளி தாத்தாவிடமும் தான் மேட்ச் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் 3 மணிக்கே சொல்லியிருந்தால் அவளுக்கு ஓர் ஆட்டம் மட்டும்தான் கிடைக்காமல் போயிருக்கும். 6:15 மணிக்குச் சொன்னதால், வண்ணம் தீட்டிய முகத்தோடு எல்லோர் முன்னாலும் வீட்டுக்குள் திரும்பி வரவேண்டியதாயிற்று. பல நாள் கழித்து அவள் குறையாகச் சொன்னதும் ஆட்டத்தைப் பற்றி அல்ல. “காவலாளி தாத்தா மேட்ச் எப்படின்னு கேட்டாரும்மா” என்றுதான் சொன்னாள்.

ஆகவே, போக முடியுமா முடியாதா என்பது பாதிக்குப் பாதி என்ற நிலைக்கு வந்தவுடனேயே குழந்தையிடம் பேசுங்கள். “அம்மாவுக்கு வேலை வந்துவிட்டது, இன்று போக முடியாமல் போகலாம், சரியாக ஐந்து மணிக்கு உறுதியாகச் சொல்கிறேன்” என்று ஒரு நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்லிவிட்டு, அந்த ஐந்து மணிக்குக் கட்டாயம் அழையுங்கள். நமது வீடுகளில் “பார்க்கலாம்” என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் “இல்லை” என்றுதான் பொருள் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். குழந்தை அதை “ஆமாம்” என்றே எடுத்துக்கொள்கிறது. அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள்.

தாமதமாகத் தெரியவருவதுதான் ஏமாற்றத்தைக் கோபமாக மாற்றுகிறது என்பதற்குப் பெரியவர்களும் விலக்கல்ல. 2024 பிப்ரவரி 4 அன்று ஹாங்காங் விளையாட்டரங்கில் இன்டர் மயாமி அணிக்காக மெஸ்ஸி ஆடுவார் என்று நம்பி சுமார் 38,000 பேர் கூடியிருந்தார்கள். காயம் காரணமாக அவர் மாற்று வீரர்களின் இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். இப்போது வருவார், இதோ வருவார் என்று கடைசி நிமிடம்வரை எதிர்பார்த்திருந்த கூட்டம், ஆட்டம் முடிந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடு என்று கூச்சலிட்டது. நுழைவுக் கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தருவதாகப் பின்னர் அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். காயம் யாருக்கும் வரக்கூடியதுதான். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தக் கூட்டத்தின் மனநிலை வேறாக இருந்திருக்கும்.

கைவிடுவதற்கு முன் கணக்குப் போடுங்கள்

முழு ஆட்டத்திற்குப் போக முடியாது என்பதாலேயே அரங்கத்திற்கே போக முடியாது என்று முடிவு செய்துவிடாதீர்கள். கால்பந்து ஆட்டம் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள். நடுவில் 15 நிமிட இடைவேளை. காயத்திற்கும் ஆள் மாற்றத்திற்கும் நடுவர் கூட்டித் தரும் நிமிடங்களையும் சேர்த்தால், 7:30 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தின் இரண்டாம் பாதி ஏறக்குறைய 8:35 மணிக்குத் தொடங்கி 9:20 மணியைத் தாண்டி முடியும். வாயிலில் சோதனை முடிந்து 8:30 மணிக்குள் இருக்கையில் உட்கார முடியுமானால் பாதி ஆட்டம் கையில் இருக்கிறது. முழுதாக இல்லாவிட்டால் வேண்டாம் என்பது பெரியவர்களின் எண்ணம். பாதி போதுமா என்று குழந்தையிடமே கேளுங்கள். பெரும்பாலான குழந்தைகள் ஷூவை மாட்டத் தொடங்கிவிடுவார்கள். தாமதமாக வருபவர்களை எந்த வாயிலில், எத்தனை மணிவரை அனுமதிப்பார்கள் என்பதை மட்டும் சீட்டு வாங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட நல்ல வழி, வேறொருவரோடு அனுப்பி வைப்பது. என் தம்பி அம்பத்தூரில் இருக்கிறான். எங்கள் வீடு வில்லிவாக்கத்தில். இரண்டுக்கும் ஒரே புறநகர் இரயில் பாதை. இறங்கும் மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து அரங்கம் நடந்து போகும் தொலைவுதான். நான் நான்கு மணிக்கு அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமாவும் மருமகளும் சேர்ந்து போயிருப்பார்கள். ஏன் சொல்லவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அவளுடைய முதல் ஆட்டத்தின்போது பக்கத்தில் நான் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. என் ஆசைக்காக அவளுடைய ஆட்டத்தை நான் கெடுத்துவிட்டேன். இந்த இடத்தில் பெற்றோர் தங்கள் மனதைச் சற்று ஒதுக்கி வைப்பது நல்லது. “உன்னோடுதான் போவேன்” என்று சில குழந்தைகள் சொல்லலாம். அப்படிச் சொல்லும் உரிமை குழந்தைக்குத்தான் உண்டு.

சொல்லும் விதம்

முடிந்தால் நேரில், இல்லாவிட்டால் உங்கள் குரலில் சொல்லுங்கள். பாட்டியிடமோ அண்ணனிடமோ சொல்லி அனுப்பாதீர்கள். முதல் வாக்கியத்திலேயே செய்தி இருக்கட்டும்: “இன்று மேட்சுக்குப் போக முடியாது. என்னால்தான் முடியாமல் போனது. மன்னித்துவிடு.” காரணத்தை ஒரே வரியில் சொன்னால் போதும். மேலதிகாரி, வாடிக்கையாளர், போக்குவரத்து நெரிசல் என்று நீட்டினால், அழவேண்டிய குழந்தை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். “உனக்காகத்தானே இப்படி உழைக்கிறேன்” என்ற வாக்கியம் பல வீடுகளில் வாயில் தயாராக இருக்கும், எனக்கும் இருந்தது. அது உண்மையாகவே இருந்தாலும், அந்த நேரத்தில் சொல்லும்போது ஏமாந்த குழந்தை குற்றவாளியாகவும் ஆகிவிடுகிறது.

பிறகு அழவிடுங்கள். தொலைபேசியில் என்றால் இணைப்பைத் துண்டிக்காமல் அந்த அழுகையைக் கேளுங்கள். கூட்டுக் குடும்பத்தில் இது எளிதல்ல. “டிவிலதான் காட்டுவானே கண்ணு, அதுக்குப் போய் அழுவாங்களா?” என்று என் மாமியார் பேத்தியின் கண்ணைத் துடைத்துவிட்டார். அன்பினால் சொன்னதுதான், ஆனால் அதைக் கேட்டபின் அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுப் பெரியவர்களிடம் தனியாக, “அத்தை, கொஞ்ச நேரம் அழட்டும்” என்று முன்பே சொல்லி வைப்பது உதவும்.

வயதுக்கேற்ப இது மாறும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அன்றைய மாலை வெளியே போகாததுதான் இழப்பு, அதை ஈடுசெய்யலாம். எட்டு, பத்து வயதில் அந்த அணி, அந்த எதிரணி, அந்த நாள் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. மஞ்சள் சட்டையும் நீலச் சட்டையும் எதிரெதிரே நிரம்பியிருக்கும் அரங்கத்திற்கு மாற்று எதுவும் இல்லை என்பது அவர்களுக்குப் புரியும். பதின்மூன்று வயதுப் பிள்ளை “பரவாயில்லைம்மா” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடும். அந்தப் “பரவாயில்லை”யை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

அன்று இரவு

தொலைக்காட்சியில் பார்ப்பதா வேண்டாமா என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். சிலருக்குப் பார்த்தால் ஆறும். சிலருக்கு, தான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தைத் திரையில் பார்ப்பது தாங்காது. பிறகு பார்க்கலாம் என்று குழந்தை சொன்னால் முடிவை வீட்டில் யாரும் உளறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் பள்ளி வேனில் ஏறுவதற்குள் பதிவைக் காட்டிவிட முடிந்தால் நல்லது, ஏனென்றால் வேனில் கட்டாயம் தெரிந்துவிடும். பார்ப்பது என்று முடிவானால் கடைசிவரை பார்க்க விடுங்கள். 2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நமக்கு இரவு 8:30 மணிக்குத் தொடங்கியது. இடைவேளையின்போது அர்ஜென்டினா 2-0 என முன்னிலையில் இருந்தது. மறுநாள் பள்ளி என்பதால், இனி ஒன்றும் மாறாது என்று சொல்லி என் அக்கா தன் மகனைப் படுக்க அனுப்பிவிட்டாள். அதன்பிறகுதான் 80, 81 ஆகிய அடுத்தடுத்த நிமிடங்களில் எதிரணியான பிரான்ஸின் எம்பாப்பே அடித்த இரண்டு கோல்களும், கூடுதல் நேரத்தில் ஆளுக்கொரு கோலும், 3-3 என்ற சமநிலைக்குப் பின் பெனால்டியில் 4-2 என அர்ஜென்டினா வென்றதும் நடந்தன. அந்தப் பையன் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். ஒரு நாள் தூக்கம் கெட்டால் மறுநாள் சேர்த்துத் தூங்கிக்கொள்ளலாம்.

அன்றே கடைக்கு அழைத்துப் போய்ப் பந்தோ பொம்மையோ வாங்கித் தருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தை அதை வாங்கிக்கொள்ளும், ஆனால் அதன்பின் வருத்தத்தைப் பற்றிப் பேசத் தயங்கும், ஏனென்றால் விலை கொடுத்தாகிவிட்டது. பரோட்டா வாங்கி வந்து சேர்ந்து சாப்பிடுவதில் தவறில்லை; அதை இரவு உணவாக மட்டும் வையுங்கள், நஷ்ட ஈடாக அறிவிக்காதீர்கள். நுழைவுச்சீட்டைத் தூக்கி எறியவும் வேண்டாம். என் மகள் அதைத் தன் நோட்டுப்புத்தகத்தில் ஒட்டி, பக்கத்தில் தேதியையும் கோல் எண்ணிக்கையையும் எழுதி, அடியில் “போகவில்லை” என்று எழுதி வைத்தாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கிழிக்கச் சொல்லவில்லை.

உங்கள் தவறே இல்லாமல் ஆட்டம் தவறிப்போவதும் உண்டு: குழந்தைக்கே காய்ச்சல், மழை, ஆட்டம் வேறு தேதிக்கு மாற்றம். அப்போது மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. சேர்ந்து வருத்தப்பட்டால் போதும். காய்ச்சல் என்றால், “ஐஸ்கிரீம் சாப்பிட்டாயே, அதனால்தான்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த ஆட்டம்

“அடுத்த முறை கண்டிப்பாக” என்று அன்று இரவே சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். முதலில் நடைபெறும் தேதியைப் பாருங்கள், அலுவலகத்தில் அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுங்கள், தம்பியையோ சித்தப்பாவையோ மாற்று ஆளாக முன்பே பேசி வையுங்கள், சீட்டை வாங்குங்கள். இவ்வளவும் ஆனபிறகு குழந்தையிடம் சொல்லுங்கள். ஆட்ட நாளில் அரை நாள் விடுப்பு போதும் என்று நினைப்பது, குறிப்பாகப் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு, நடக்காத காரியம். இடையில் சிறிய வாக்குறுதிகளை நிறைவேற்றிக்கொண்டே வாருங்கள். ஞாயிறு காலை ஆறரைக்குத் தெருமுனை மைதானத்தில் பந்து உதைக்கலாம் என்றால் ஆறரைக்கு அங்கே நில்லுங்கள். எங்கள் வீட்டில் ஐந்து ஞாயிறுகள் அப்படிப் போயின.

ஆறாவது வாரம் நாங்கள் வேறோர் ஆட்டத்திற்குப் போனோம். நான் நாள் முழுவதும் விடுப்பில் வீட்டில் இருந்தும், சீட்டு கையில் இருந்தும், அவள் ஜெர்சியைப் போட்டுக்கொள்ளவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இப்படி ஒரு தயக்கம் உங்கள் குழந்தையிடம் தெரிந்தால், “இன்னுமா நம்பிக்கை இல்லை?” என்று கேட்காதீர்கள், சிரிக்காதீர்கள். கண்டும் காணாததுபோல் இருங்கள். வில்லிவாக்கத்தில் இரயில் ஏறி, பெரம்பூரும் தாண்டிய பிறகு, அவள் பையைத் திறந்து போட்டிருந்த சட்டைக்கு மேலேயே ஜெர்சியை மாட்டிக்கொண்டாள்.