மலைச்சரிவில் ஒரு கைகலப்பு: கதையில் சண்டையை எழுதுவது எப்படி?

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக வேலை பார்த்தவன் நான். சம்பளம் போட்ட மறுநாள் காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். பிளந்த புருவம், வீங்கிய புறங்கை, கடிபட்ட விரல். சண்டையை நான் எப்போதும் அதன் மறுமுனையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். கதை எழுதத் தொடங்கிய பிறகு அந்த அனுபவம்தான் எனக்குக் கைகொடுத்தது. இங்கே எழுதும் பிள்ளைகள் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் கதைகளில், சண்டை வரும் பக்கத்தில் என் கண் தானாகவே கடைசி வரிக்கு ஓடிவிடுகிறது. யார் ஜெயித்தது என்று தெரிந்தால் போதும் என்றாகிவிடுகிறது. வாசகன் அப்படித் தாண்டிப் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்பதை முடிவு செய்யுங்கள். நம் முன்னோர் புறத்திணைகளைப் பிரித்ததே அப்படித்தான். மாடு கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, மண்ணாசையில் படையெடுத்தால் வஞ்சி, கோட்டையை வளைத்தால் உழிஞை. நோக்கம் மாறினால் சூடும் பூவே மாறிவிடும். ‘கோபம்’ என்பது நோக்கம் ஆகாது. கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள் நடுவில் இருக்கட்டும். ஓர் உதாரணம். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் மாமன் பெருமாளும் மச்சான் சின்னராசுவும் நிற்கிறார்கள். இலை நனைந்திருக்கிறது என்று சொல்லி மாமன் எடையில் ஐந்து கிலோ கழிக்கிறான். மச்சானுக்கு அந்த ஐந்து கிலோ வேண்டும். மாமனுக்கோ, வரிசையில் நிற்பவர்கள் முன்னால் தன் பேச்சு நிற்க வேண்டும். இருவருக்கும் வேண்டியது வேறு வேறு. இது போதும், சண்டை தானாக நகரும்.

அடுத்தது தரை. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள், நம் மலையிலோ பாதிச் சண்டையைத் தரைதான் போடுகிறது. சரிவில் மேலே நிற்பவனுக்கு எடை துணை. கீழே நிற்பவனுக்கு மேலே இருப்பவனின் கால் எட்டும், பிடித்து இழுத்தால் இருவரும் உருள வேண்டியதுதான். தேயிலைச் செடி இடுப்பளவுக்கு நெருக்கமாக வளர்ந்திருக்கும், அதன் குறுக்கே யாரும் ஓட முடியாது. வரிசையோடுதான் ஓட வேண்டும். அதனால் துரத்துபவனுக்கு எதிராளி எங்கே வெளியே வருவான் என்று முன்பே தெரியும். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த காடு என்றால் செடியெல்லாம் கூரான குச்சிகளாக நிற்கும், அதில் மல்லாக்க விழுவதை நினைத்தாலே வாசகனுக்கு முதுகு கூசும். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீட்டு வாசல் என்றால் சிலம்பக்கம்பு சுழற்ற இடமே இருக்காது, நன்றாகக் கம்பு வீசத் தெரிந்தவன்கூட அங்கே வெறுங்கை ஆள்தான். மூடுபனி இறங்கிவிட்டால் கண்ணை விட்டுவிட்டுக் காதால் எழுதுங்கள்: சரளைக்கல் நெரியும் சத்தம், மூச்சிரைப்பு, எங்கிருந்து என்று தெரியாத ஓர் இருமல்.

மழையையும் சரியான மாதத்தில் பெய்ய விடுங்கள். கூடலூரில் நடக்கும் கதைக்கு ஆடி மழை, கோத்தகிரியில் நடப்பதற்கு ஐப்பசி மழை. ஊர்க்காரர் ஒருவர் படித்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இனி உடம்பு. சினிமாவில் குத்தியவன் கையை உதறிக்கொண்டு நடந்துபோவான். வெறுங்கையால் மண்டையில் குத்தியவனுக்குச் சுண்டுவிரலுக்குக் கீழே புறங்கை எலும்பு உடைவது வழக்கம். எதிராளியின் பல்லில் குத்தியவனுக்கு விரல் முட்டியில் சின்னக் கீறல்தான் இருக்கும். அதை அவன் பொருட்படுத்த மாட்டான். சில நாளில் சீழ் பிடித்து, கை பன் போல வீங்கி, விரலை மடக்க முடியாமல் வந்து நிற்பான். புருவத்தில் தோலுக்கு அடியிலேயே எலும்பு இருப்பதால் ஒரே குத்தில் பிளந்துவிடும். காயம் பெரிதில்லை, ஆனால் ரத்தம் கண்ணில் இறங்கி ஆளைக் குருடாக்கும். மூக்கில் பட்டால் எப்பேர்ப்பட்ட வீரனுக்கும் கண்ணீர் கொட்டும். நெஞ்சுக்குழியில் அடி விழுந்தால் மூச்சே வராது, வாய் திறந்திருக்கும், சத்தம் வெளியே வராது. அடிபட்டு மயங்கியவனை அரைமணி நேரம் கழித்து எழுப்பி ஓட விடாதீர்கள். அவ்வளவு நேரம் கிடந்தவனை ஜீப்பில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

அட்ரினலின் ஏறிய உடம்புக்கு வலி தாமதமாகத்தான் தெரியும். பார்வை குறுகி எதிராளியின் ஒரு கையோ ஒரு பொத்தானோ மட்டும் தெரியும், சுற்றி இருப்பவர்கள் கத்துவது காதில் விழாது. எல்லாம் முடிந்த பிறகு கை நடுங்கும், குமட்டும். தைக்கும்போது அசையாமல் இருந்தவர்கள் அதன்பின் டம்ளரைப் பிடிக்க முடியாமல் டீயைச் சிந்தியதைப் பார்த்திருக்கிறேன்.

சண்டையை நீட்டாதீர்கள். பயிற்சி பெற்ற குத்துச்சண்டை வீரர்களுக்கே மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிட ஓய்வு உண்டு. பழக்கமில்லாதவன் அரை நிமிடத்தில் இரைக்க ஆரம்பித்துவிடுவான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். கீழே மேட்டுப்பாளையத்திலிருந்து அன்றைக்கே ஏறி வந்த முரட்டு ஆளை இங்கே இருக்கும் ஒல்லிக் கிழவர் மூச்சாலேயே ஜெயிக்கலாம். மார்கழி விடியலில் விரல் மரத்துப்போய்க் கை சரியாக மூடாது. ஸ்வெட்டரும் கம்பளியும் போட்டிருப்பவனுக்கு விலாவில் குத்துவதால் பெரிய பயனில்லை, காதில் ஓர் அறை விட்டால் போதும்.

சரி, வாக்கியத்துக்கு வருவோம். இப்படி எழுதிக்கொண்டு வருகிறார்கள்: ‘சின்னராசு பாய்ந்து வந்து, பெருமாளின் சட்டையைப் பிடித்து இழுத்து, சுழற்றித் தூணில் மோதி, வயிற்றில் உதைத்தான்.’ ஐந்து செயல், ஒன்றுகூடக் கண்ணில் நிற்கவில்லை. வந்து, இழுத்து என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால் எல்லா அடியும் ஒரே எடையில் விழும். என்னிடம் கேட்டால் இப்படி எழுதுவேன்:

பெருமாள் தராசில் கை வைத்தான். “கழிச்சது கழிச்சதுதான் மாப்ள. மூட்டையை இறக்கு.”

சின்னராசு இறக்கவில்லை. மூட்டையோடு சேர்த்து அப்படியே முட்டினான். ஈரச்சாக்கு பெருமாளைத் தூணோடு வைத்து அழுத்தியது. செருப்பு வழுக்கியது. எதையாவது பிடிக்க வேண்டும். கிடைத்தது சின்னராசுவின் காது.

இதில் ஒரு குத்துகூட இல்லை. எதற்காகச் சண்டையோ அந்த ஈர மூட்டையே ஆயுதமாகிவிட்டது. வழுக்கும் தரைக்கும் வேலை இருக்கிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும், அது நமக்குச் சொத்து. எங்கே, எதனால் என்பதெல்லாம் வந்து சேர்ந்து, வாசகன் ஒரு கணம் காத்திருந்த பிறகு அடி விழுகிறது. கடைசி வரியில் வினையை முன்னே தள்ளிவிட்டுக் காதைக் கடைசியில் வைத்தேன். இந்தப் புரட்டலை ஒரு காட்சிக்கு ஒருமுறை செய்யலாம், அதற்கு மேல் செய்தால் வித்தை காட்டுவதாகிவிடும். படார், சடார், டமார் எல்லாவற்றையும் நான் நீக்கிவிடுவேன். சாக்கு கிழியும் சத்தம் அவற்றைவிட நன்றாகக் கேட்கும்.

கத்தி, அரிவாள் வரும் என்றால் அது முன்பே வாசகன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கவாத்துக் கத்தி கூரை எறவாணத்தில் செருகியிருப்பதை இரண்டு பக்கம் முன்னால் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

சண்டைக்குப் பிறகான பக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். லயனில் அடித்தவனும் அடிபட்டவனும் மறுநாள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். பெருமாளின் மனைவி சின்னராசுவுக்கு அக்காள். அவள் யாருக்கு முதலில் ஒத்தடம் கொடுப்பாள்? எனக்கு அடிகளைவிட அந்தக் கேள்வியே முக்கியமாகப் படுகிறது.

எழுதி முடித்ததும் வீட்டுக்கு வெளியே வாருங்கள். இரண்டு பேரைச் சரிவில் ஒருவருக்குக் கீழே ஒருவராக நிற்க வைத்து, எழுதியதை வரிவரியாக வாசித்து மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். மேலே இருப்பவனின் முழங்கால் கீழே இருப்பவனின் நெஞ்சுக்கு நேரே வருவதைப் பார்ப்பீர்கள். மேலே இருப்பவன் குனிந்து வயிற்றில் குத்தியதாக எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, காலை வீச விடுங்கள்.