பழைய கால் மைல் பந்தய நினைவுகளைப் பதிவு செய்யும் முறை

இலங்கையின் கட்டுக்குருந்த விமான ஓடுதளத்தில், இரண்டு கார்கள் நேர்கோட்டில் கால் மைல் போட்டியிட்டு ஓடும் பந்தயம் பார்த்த பெரியவர்களைக் கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சந்தித்தால், முதலில் காரைப் பற்றியே கேளுங்கள். ஸ்டாக் வகுப்பில் கார் ஏறக்குறையத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓட வேண்டும் என்பதால், காபுரேட்டரிலும் டயரிலும் செய்த சிறு மாற்றங்களில்தான் அவர்களுடைய உண்மையான உழைப்பு இருக்கிறது.

பிறகு நேரம். கால் மைலுக்கான, அதாவது 402 மீற்றருக்கான, நேரக் கணக்கு பச்சை விளக்கு எரியும்போது அல்ல, கார் தொடக்கக் கோட்டை விட்டு நகரும்போதே தொடங்குவதால், குறைந்த நேரம் எடுத்தவரும் தாமதமாகப் புறப்பட்டுத் தோற்றிருக்கலாம். ஆகவே எடுத்த நேரத்தையும் வென்றவர் யார் என்பதையும் தனித்தனியே எழுதுங்கள். அமெரிக்காவில் 1963இல் விளக்குக் கம்பம் அறிமுகமாகுமுன் கொடியசைத்தே புறப்பட வைத்தார்கள் என்பது அவர்களிடமுள்ள பழைய புகைப்படங்களின் காலத்தைக் கணிக்க உதவும். படங்களின் பின்புறம் பென்சிலால் மட்டும் குறியுங்கள்.