டின் வாங்க முதல் இதை வாசியுங்கள்: திருகோணமலைப் பிள்ளைகளுக்கு மசில் வைக்க ஒரு வழி

ஓ.எல். சோதனை முடிந்த கையோடு ஜிம்முக்குக் காசு கட்டலாமா, எந்தப் புரோட்டீன் டின் நல்லது என்று கேட்கிற தம்பிமாருக்கு முதலில் சொல்வது இதுதான்: டின்னை விடுங்கள். அந்தக் காசுக்கு மீனும் முட்டையும் வாங்குங்கள், முதல் மூன்று மாதம் உங்கள் சொந்த உடம்பைத் தூக்கப் பழகுங்கள். தங்கச்சிமாருக்கும் இதேதான், பெண்பிள்ளைகளுக்கென்று வேறு பயிற்சி தேவையில்லை.

பாரம் தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று வீட்டில் அம்மம்மா தொடங்கி எல்லாரும் சொல்வார்கள். அது சரியில்லை. வளரும் வயதில் எலும்பு முனைகளில், எலும்பு நீளுகிற இடமான வளர்ச்சித் தட்டுகள் இருப்பது உண்மை, ஆனால் ஒழுங்கான முறையில், உங்களுக்கு ஏற்ற பாரத்தோடு செய்கிற பயிற்சி அவற்றைக் கெடுப்பதில்லை. காயம் பெரும்பாலும் வருவது கூட்டாளிமாருக்குக் காட்டுவதற்காக, தாங்க முடியாத பாரத்தை முதுகை வளைத்து இழுக்கும்போதுதான். ஆகவே "ஒரு தடவை எவ்வளவு தூக்குவாய்" என்ற போட்டிக்கு இந்த வயதில் போகவே வேண்டாம்.

வாரத்துக்கு மூன்று நாள் காணும். டியூசன் இல்லாத நாட்களைப் பார்த்து, இடையில் ஒருநாள் ஓய்வு வருகிற மாதிரி வையுங்கள். தள்ளுவது, இழுப்பது, இருந்தெழும்புவது, வயிற்றை இறுக்கிப் பிடிப்பது என்ற நாலு வேலையும் இருந்தால் முழு உடம்பும் அடங்கிவிடும்.

தள்ளுவதற்குப் புஷ் அப். இதைத்தான் அதிகம் பேர் பிழையாகச் செய்கிறார்கள், எண்ணிக்கை கூட்டுகிற அவசரத்தில் இடுப்பு தொங்கும், தலை மட்டும் கீழே போய் வரும், நெஞ்சு பாதி தூரம் கூட இறங்காது. கைகளைத் தோள் அகலத்தை விடச் சற்றுக் கூட வைத்து, முழங்கைகளைப் பக்கவாட்டில் விரிக்காமல் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து, தலையிலிருந்து குதிக்கால் வரை ஒரே கோடாக, இரண்டு மூன்று செக்கன் எடுத்து நெஞ்சு தரைக்குக் கிட்ட வரும் வரை இறங்குங்கள். அப்படி ஐந்து கூட வரவில்லையா, கையைத் திண்ணையிலோ வாங்கிலிலோ வைத்துச் செய்யுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இழுப்பதற்குக் கனமான, கவிழாத மேசைக்குக் கீழே மல்லாந்து படுத்து, விளிம்பைப் பிடித்து நெஞ்சை மேலே இழுக்கலாம். முற்றத்தில் உறுதியான மாமரக் கிளை இருந்தால் தொங்கிப் பழகி மெல்ல மெல்ல புல் அப்புக்குப் போகலாம். இருந்தெழும்புகிற ஸ்குவாட்டுக்குப் பள்ளிக்கூடப் பையில் தண்ணீர்ப் போத்தல்களைப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், ஒரு லீற்றர் ஒரு கிலோ, கணக்கும் லேசு. கடைசியில் பிளாங்க், அதாவது முழங்கைகளை நிலத்தில் ஊன்றி, வயிற்றை இறுக்கி, உடம்பை ஒரே கோடாக அசையாமல் பிடிப்பது.

ஒவ்வொன்றும் 8 தொடக்கம் 12 தடவை, மூன்று சுற்று. பிளாங்க் மட்டும் 20, 30 செக்கன். இன்னும் இரண்டு செய்யலாம் என்று இருக்கும்போதே நிறுத்துங்கள். மூன்று சுற்றிலும் 12 சுத்தமாக வந்தால் அடுத்த முறை ஒரு போத்தல் கூட்டுங்கள், அல்லது கையைத் திண்ணையிலிருந்து தரைக்கு இறக்குங்கள். இந்தக் கொஞ்சம் கொஞ்சமான கூட்டல்தான் மசிலை வளர்க்கிறது, அதனால் செய்ததை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முதல் சில கிழமை பலம் கூடும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. நரம்புகள் தசையை வேலை வாங்கப் பழகுகிற காலம் அது. நிறையப் பேர் அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விடாதீர்கள்.

சாப்பாட்டில் நம்முடைய ஊருக்குக் குறையே இல்லை. 50 கிலோ உள்ள பிள்ளைக்கு நாளுக்கு ஏறக்குறைய 75 கிராம் புரதம் தாராளம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் சூரை மீனில் 20 கிராமுக்கு மேல், அப்புறம் பருப்பு, கச்சான், கிண்ணியாப் பக்கத்துச் சட்டித் தயிர். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் கௌபி, பயறு, கடலை, சோயா மீற் இருக்கிறது. காலையில் வெறும் புட்டும் சம்பலும் என்றால் பக்கத்தில் ஒரு முட்டையோ ஒரு கரண்டி கடலைக் கறியோ சேருங்கள். சோற்றைக் குறைக்காதீர்கள், வளருகிற உடம்புக்கு அது வேண்டும். கந்தசஷ்டி மாதிரி விரத நாட்களில் பயிற்சியை விட்டுவிடலாம், ஒன்றும் குறைந்துபோகாது.

நித்திரை 8 மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது, 10 வரை போனாலும் நல்லது. போனோடு ஒரு மணி வரை முழித்திருந்துவிட்டு மசில் வரவில்லை என்று சொல்ல முடியாது. மே தொடங்கி செப்டெம்பர் வரை நம்முடைய வெயிலில் பகலில் பயிற்சி செய்யாதீர்கள். விடியக்காலை, இல்லையென்றால் பொழுதுபட்ட பிறகு, தண்ணீர்ப் போத்தலோடு. ஓட விருப்பமென்றால் டச்பே கரையோ, கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வீதியோ போதும்.

ஊசி, குளிசை என்று யாராவது இரகசியமாகத் தந்தால் தொடவே தொடாதீர்கள். அவற்றில் இருக்கக்கூடிய ஸ்டீராய்ட் வளர்ச்சித் தட்டை நேரத்துக்கு முதலே மூடச் செய்யும், அப்போதுதான் உயரம் உண்மையில் நிற்கும். கிரியேட்டின் என்று மசிலுக்கு விற்கிற பொடி, எனர்ஜி ட்ரிங்க் இரண்டும் 18 வயதுக்கு முன் வேண்டாம். அடுத்தநாள் தசை நோவது வழமை, மூட்டிலோ முதுகிலோ குத்தினால் நிறுத்தி டொக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்துமா, இதய வருத்தம் இருந்தால் தொடங்க முதலே கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்து ஜிம்முக்குப் போகலாம். பெரிய மெஷினைப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்யாமல், புதுப் பொடியனுக்குப் பக்கத்தில் நின்று முறையைத் திருத்துகிற மாஸ்டர் இருக்கிறாரா என்று பாருங்கள். நீளமான ஒலிம்பிக் கம்பி மட்டுமே 20 கிலோ, அதனால் முதல் நாள் பாரத் தட்டு ஒன்றும் போடாமல் வெறும் கம்பியைக் கேளுங்கள். அதுவும் பாரமென்றால் டம்பல்ஸில் தொடங்கலாம்.