சவுத்தாம்ப்டன் முதல் நியூயார்க் வரை: கரை தெரியாத நாட்களுக்கு

குயின் மேரி 2 கப்பலில் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போக வழக்கமாக ஏழு இரவுகள். நடுவில் எங்கேயும் நிற்காது. "போரடிக்காதா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். போரடிக்காது, ஆனால் நேரம் குழம்பும். அதைச் சரிசெய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

இரண்டு ஊருக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம். அதனால் மேற்கே போகும்போது ஐந்து இரவுகள் கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதாவது, நாளுக்கு 25 மணி நேரம். கைபேசியை நம்பாதீர்கள். ஏறியதுமே அதை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள். கடலில் ரோமிங் கட்டணம் தாளாது. கையில் ஒரு முள் கடிகாரம் கட்டிக்கொண்டு, படுக்கும் முன் நீங்களே திருப்பி வையுங்கள்.

என் வீட்டுக்காரர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். இந்த 25 மணி நேரக் கணக்கை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி, எந்த நாள் எத்தனை மணிக்கு ஊசி என்று எழுதி வாங்கி, கேபின் கண்ணாடியில் ஒட்டிவைத்தோம். வேளை தவறாமல் மருந்து எடுக்கும் யாரும் இதைச் செய்யாமல் கிளம்ப வேண்டாம்.

விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும். புரண்டு படுக்காதீர்கள். கேபினிலேயே கெட்டில் இருக்கிறது, ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு ஏழாவது தளத்துக்குப் போங்கள். கப்பலை முழுசாகச் சுற்றி வர அங்கே நடைபாதை உண்டு. பலமான காற்று என்றால் கதவை அடைத்துவிடுவார்கள், அன்று உள்ளே நடக்க வேண்டியதுதான். காதை மூடும் குல்லா கட்டாயம், கோடைக்காலமானாலும்.

நண்பகலில், கப்பலை ஓட்டும் அறையிலிருந்து கேப்டன் ஒலிபெருக்கியில் பேசுவார்: எங்கே இருக்கிறோம், காற்று எப்படி, வானிலை எப்படி. ஒரு சின்ன அட்லாண்டிக் வரைபடம் கொண்டுபோய், அவர் சொல்லும் இடத்தில் தினமும் புள்ளி வையுங்கள். நாட்களுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பக்கம் குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டமும் சந்திப்பதால் மூடுபனி இறங்கும். அப்போது இரண்டு நிமிடத்துக்குள் ஒரு முறையாவது சங்கு ஊத வேண்டும் என்பது கடல் விதி. ராத்திரி முழுக்கக் கேட்டால் பயப்படாதீர்கள்.

தலைசுற்றல் வரும் உடம்பு என்றால், முன்பதிவின்போதே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மாத்திரையை வாந்தி வரும் முன்பே போட வேண்டும். வயிற்றைக் காலியாக விடாதீர்கள். பிஸ்கட்டும் பச்சை ஆப்பிளும் போதும்.

சைவச் சாப்பாட்டுக்கு முதல் இரவே மேசைப் பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள். இஸ்திரிப்பெட்டி கொண்டுபோக அனுமதி இல்லை. துணி துவைக்கும் அறையிலேயே இருக்கிறது, காசும் இல்லை. காலையில் அங்கே கூட்டம். எல்லோரும் மதியம் சாப்பிடப் போகும் நேரத்தில் போய்வாருங்கள்.

கடைசி இரவு பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். மருந்து, பாஸ்போர்ட், ஒரு ஸ்வெட்டர் மூன்றையும் கைப்பையில் எடுத்துவைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். விடியும் முன் நியூயார்க் துறைமுக வாசலில் இருக்கும் வெரசானோ பாலத்தைக் கடக்கும்போது மேல்தளத்தில் நிற்க அந்த ஸ்வெட்டர் வேண்டும்.